டெஸ்ட் கேட்டவர்

பலர் சேர்ந்து இலவசமாக உருவாக்கும் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் அது. மாற்றியது சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் சிறு நிரலான டெஸ்ட் இல்லாமல் சேர்க்க மாட்டேன் என்று என் திருத்தத்தை மூன்று முறை திருப்பி அனுப்பியவர், கல்வராயன் மலைக்காரர். நேரில் பேசலாமா என்று கேட்டேன். வரச் சொன்னார். கச்சிராயபாளையத்தில் கோபத்தோடு பஸ் ஏறினேன்.

அவர் ஒல்லியான பெண்மணி. வாசலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியில் பனி படியப் படிய, முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு வரி மாத்தனதுக்கு எதுக்குங்க டெஸ்ட்?" என்றேன்.

"உங்கள நம்பாம இல்லீங்க. நாளைக்கு வேற ஒருத்தர் வந்து கை வெப்பாரு. அவருக்கு இன்னா தெரியும்?"

வீம்புக்கு அங்கேயே டெஸ்ட் எழுதி ஓட்டினேன். 'கொ' என்று அடித்தால் கொம்பு மட்டும் வந்து நின்றது. தவறு என்னுடையதுதான்.

அவர் எதிர்மலையில் மேகம் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். என் திருத்தம் டெஸ்டில் தோற்குமென்று அவருக்கு முன்பே தெரியுமோ? இன்றுவரை நான் கேட்கவில்லை.