மஸீனா ராத்தா திருத்திய பாடம்

தண்ணீரூற்று என்ற ஊரில் மஸீனா ராத்தாவிடம் குர்ஆன் ஓதப்போன பெண்பிள்ளைகள், அன்று அல்லாஹ் தந்த பரக்கத் ஒன்றை, ஏதாவது ஓர் அருளை, சொல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது. ஒவ்வொருத்தியும் ஒன்று சொல்லி, “அல்ஹம்துலில்லாஹ்” என்று முடித்த பிறகுதான் எழும்பலாம்.

“எங்கட கோழி முட்டை போட்டது, ராத்தா.”

“நேற்றும் அதைத்தானேடி சொன்னாய்?”

“நேற்றும் போட்டதுதானே!”

விறாந்தை முழுக்கச் சிரிப்பு. ராத்தாவும் சிரிப்பார். ஒன்றில் மட்டும் கண்டிப்பு. “அழுது குறை சொல்லுற வீட்டில பரக்கத் தங்காது” என்பார். இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுசி! அவர் சொன்னால் யார்தான் மறுப்பார்கள்?

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளம் வடிந்த கையோடு காய்ச்சல் பரவியது. பக்கத்து வீட்டுச் சரீபாவின் நான்கு மாதக் குழந்தை மூன்றாம் நாளே மௌத்தானது. சரீபா சின்ன வயதில் ராத்தாவிடம் ஓதியவள். குழந்தையை அடக்கத்துக்கு எடுக்கும்போது ராத்தா அவள் காதோடு, “அழாத புள்ள, அல்ஹம்துலில்லாஹ் சொல்லு” என்றார். சொன்னாள். அழவில்லை. “என்ன பொறுமை பாத்தீங்களா!” என்று ராத்தா பிள்ளைகளிடம் அவளைப் புகழ்ந்தார்.

பத்தாம் நாள் சரீபாவின் கணவன் றவூப் படலையில் வந்து நின்றான்.

“ராத்தா, அவள் சாப்பிடுறாளில்லை. பால் கட்டி நெஞ்சு கல்லாக் கிடக்கு, ஒத்தடம் வைக்கவும் விடுறாளில்லை, உடம்பு நெருப்பாக் கொதிக்குது. வாயைத் திறந்தா அல்ஹம்துலில்லாஹ் மட்டும்தான். இவளையும் குடுத்திடுவனோ எண்டு பயமாக் கிடக்கு.”

ராத்தா ஓடினார். சரீபா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

“ஒருக்கா அழன், புள்ள.”

“அழுதா இருக்கிற பரக்கத்தும் போயிடும் எண்டு நீங்கதானே சொன்னீங்க? மூத்தவள் இருக்கிறாள், ராத்தா. அவளுக்கும் ஏதும் வந்திட்டா?”

ராத்தா அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். பரக்கத் என்று தான் கொடுத்தது இவளிடம் பயமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது! அதே பயம்தானே தன் அழுகையையும் இத்தனை வருசம் அடைத்து வைத்திருந்தது!

“நான் பிழையாச் சொல்லித் தந்திட்டன், புள்ள. நபி நாயகமே தங்கட மகன் மௌத்தானபோது அழுதிருக்கிறாங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லேல்லை.”

முதலில் அழுதது ராத்தாதான். இரண்டு பிள்ளைகளின் பெயரையும் சொல்லிச் சொல்லி அழுதார். சரீபா திரும்பிப் பார்த்தாள். பிறகு அவள் எழுப்பிய ஓலம் தெருவுக்கே கேட்டது. ஓய்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. சுடுதண்ணீரில் நனைத்த துணியை ராத்தா நெஞ்சில் வைத்து ஒற்ற, முதன்முறையாக அவள் தடுக்கவில்லை. இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. கஞ்சி கேட்டாள்.

அடுத்த ஓதலில் ராத்தா பிள்ளைகள் முன் தன் பிழையை ஒப்புக்கொண்டார். “இனிக் கவலையையும் சொல்லலாம். சொன்னா அல்லாஹ் கோவிக்கமாட்டான்.”

பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி முழங்கையால் இடித்தார்கள். கடைசியில் முட்டைக்காரி எழும்பினாள்.

“எங்கட கோழி வெள்ளத்தில போயிட்டுது, ராத்தா.”

“அப்ப இவ்வளவு நாளும் முட்டை போட்டது எண்டாய்?”

“வேற பரக்கத் ஒண்டும் எனக்குத் தெரியேல்லை. சொல்லாட்டி உம்மாவுக்கு ஏதும் வந்திடும் எண்டு பயமாக் கிடந்தது.”

அன்று யாரும் சிரிக்கவில்லை. ராத்தா அவளை இழுத்து மடியில் இருத்திக்கொண்டார்.