ஆஸ்பத்திரி வண்டியில் கம்பத்துக்கு இடம் தேடினார்கள்

தோட்டத்து டிஸ்பென்சருக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு மருந்து கலக்கத் தெரிய வேண்டாம். ஆண்பிள்ளைகள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருக்கத் தெரிந்தால் போதும். கொன்வென்டில் எனக்கு அது ஒன்றைத்தான் சொல்லித்தரவில்லை. பொதுவண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவைத்துக்கொண்டு அவதிப்படும் சகோதரிகளே, உங்களுக்கு விளங்கும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் நுவரெலியா மலையில், டயகமப் பக்கம். பழைய கொழுந்து லொறிக்குக் கூரை போட்டு ஆஸ்பத்திரி வண்டி ஆக்கியிருந்தார்கள். போன மழையில் அது மண்சரிவில் மாட்டிக்கொள்ள, உதவி வருமுன் உள்ளே இருந்த நோயாளி இறந்துபோனார். அதனால் தோட்டத்தை நடத்தும் துரை தன் கையால் செய்த வயர்லெஸ் பெட்டியை வண்டியில் வைக்கப்போவதாகச் சொன்னார். வழியில் நின்றால் பங்களாவுக்குச் சேதி சொல்லலாமாம். நல்ல எண்ணந்தான். ஆனால் பெட்டிக்கு ஏரியல் கம்பி வேண்டுமே! அதை எங்கே பொருத்துவது என்பதிலேயே ஒரு மாதம் போயிற்று.

இதற்கிடையில் தொழிலாளர் குடியிருக்கும் கீழ் லயத்து வள்ளியம்மைக்குப் பிரசவ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி கண்டதும் நுவரெலியாவுக்குக் கொண்டுபோகாவிட்டால் இரண்டு உயிரும் மிஞ்சாது என்று என் கணவரே சொல்லியிருந்தார்.

மூக்கின் மேல்

முதலில் எஞ்சினுக்கு மேலே கம்பியை நட்டார்கள். டிரைவர் மாரிமுத்து வண்டியைக் கிளப்பியதும் பெட்டிக்குள் கடுகு வெடித்தது. நிறுத்தினால் பங்களாவிலிருந்த இன்னொரு பெட்டியிலிருந்து துரைசாணியின் குரல் கணீரென்று கேட்டது; கிளப்பினால் மறுபடி கடுகு.

துரை குனிந்தார், நிமிர்ந்தார், காதைத் தேய்த்தார். "ரொம்ப நல்லா இருக்குங்க தொரை" என்றார் என் கணவர். துரை வாயைத் திறக்குமுன்பே ஆடிவிடும் கழுத்து அவருக்கு. மாரிமுத்து மட்டும் என் பக்கம் திரும்பி முணுமுணுத்தான்: "ஓடுனா பேசாது, பேசுனா ஓடாது. இத என்னன்னுங்கம்மா ஓட்டுறது?"

தலைக்கு மேல்

அடுத்தது கூரை. அதில் துளை போட்டு, மூங்கில் கம்பம் நிறுத்தி, கம்பியை அதில் கட்டினார்கள். அக்கரப்பத்தனை ரோட்டில் ஓட்டிப் பார்க்கப் போனவர்கள் முதல் வளைவிலேயே மரக்கிளையில் மோதி, பாதிக் கம்பத்தோடு திரும்பி வந்தார்கள். துரை ரோட்டோர மரங்களையெல்லாம் வெட்டலாமா என்று யோசித்தார். கம்பத்தைக் குறைக்க யோசிக்கவில்லை.

துளை வழியாக மழை ஒழுகியது. சரியாக ஸ்ட்ரெச்சர் வைக்கும் இடத்தில். நான் அதை என் கணவருக்குக் காட்டினேன். அவர் பதறிப்போய் என் காதோரம் சொன்னார்: "சும்மா இரு, தொரை காதுல விழுந்திறப் போவுது. நோயாளிக்கு ஒரு கொடையப் புடிச்சாப் போச்சு."

வாலில்

கடைசியில் பின்பக்கம். புது மூங்கிலை வண்டியின் பின்னால் நட்டு, அது ஆடாதிருக்க இரண்டு பக்கமும் கம்பிகளை இழுத்து முறுக்கினார்கள். கம்பிகள் பின்கதவுக்குக் குறுக்கே போயின. அது யார் கண்ணிலும் படவில்லை. ஏனென்றால் இடைஞ்சலாக இருக்கிறதென்று ஸ்ட்ரெச்சரை முதலிலேயே வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள். என் வராந்தாவில் கிடந்த அதன்மேல்தான் துரையின் தேத்தண்ணித் தட்டு இருந்தது.

எஞ்சின் ஓடும்போதே துரைசாணியின் குரல் ஓரளவு கேட்டது. தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் கைதட்டினார். "ஆளை எந்த வழியா ஏத்துவீங்க?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை இரக்கம்: "இப்ப வயர்லெஸ்ஸத்தானேம்மா பாக்குறோம். நோயாளிய அப்புறம் பாத்துக்குவோம்."

கதவு

அந்த 'அப்புறம்', ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் ஒரு காலைப் பெரட்டு நேரத்தில் வந்தது. கொட்டும் மழையில் நாலுபேர் வள்ளியம்மையை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கதவு நாலு விரற்கடை திறந்து கம்பியில் இடித்து நின்றது. "தொரையக் கேக்காம எப்படிக் கழட்டுறது?" என்று என் கணவர் பங்களாவுக்கு ஆள் அனுப்பினார். வள்ளியம்மை அலறிக்கொண்டிருந்தாள். பெரட்டிலிருந்து ஓடிவந்த அவள் புருஷன் கருப்பையா, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உத்தரவுக்காகக் கைகட்டி நின்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தியைப் பிடுங்கி எல்லாக் கம்பிகளையும் வெட்டினேன். மூங்கில் என் பூசணிப் பந்தலில் போய் விழுந்தது. வண்டி போயிற்று. அன்று சாயங்காலம் மாரிமுத்து வந்து, தாயும் ஆண்பிள்ளையும் பிழைத்துக்கொண்டதாகச் சொன்னான்.

துரையும் வந்தார். அறுந்த கம்பியைத் தூக்கிப் பார்த்து, "யார் வெட்டினது?" என்றார். என் கணவருக்கு முகத்தில் ரத்தமில்லை. "நான்தான்" என்றேன். துரை வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு சேற்றில் முழங்காலிட்டு அடியில் எட்டிப் பார்த்து, முகம் மலர்ந்து சொன்னார்: "நல்லது. கதவு பக்கம் சரியில்லே. நாளைக்கு அடியிலே கட்டு."

வண்டியில் கம்பத்துக்கு இடம் தேடும் ஆண்பிள்ளைகளை முதலில் ஸ்ட்ரெச்சரில் கிடத்தி உள்ளே ஏற்றிப் பார்க்கவேண்டும் என்பதே, டிஸ்பென்சர் பெண்டாட்டியாக நான் கண்டுபிடித்த ஒரே வைத்தியம்.