உத்தரவும் அடித்த கையும்

ராணுவத்தில் நான் ஒழுக்க வகுப்பு எடுத்த காலமெல்லாம் ஒரே கூத்துதான். பழைய தாளைப் பார்த்து நேர்மை, கடமை, நாட்டுப்பற்று என்று வாசிக்க வேண்டும். கடைசியில், சந்தேகம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மொத்தக் கூட்டமும் "இல்லை சார்" என்று கூரை அதிரக் கத்தும். பாதிப் பேர் அதற்குத்தான் கண் விழிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஓய்வுபெற்று செஞ்சிக்கு வந்த பிறகு, பொங்கல் லீவில் வந்திருந்த வீரர்களுக்கு அதே வகுப்பை எடுக்கும்படி இங்குள்ள முன்னாள் வீரர் சங்கத்தில் கேட்டார்கள். சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி. அவரும் ஒரு பழைய தாளையே நீட்டினார். நான் வாங்கவில்லை. இன்றைக்கு யாரும் சந்தேகம் இல்லை என்று சொல்லக் கூடாது, இருப்பதைச் சொன்னால்தான் வகுப்பு என்றேன்.

பனமலைப் பக்கத்து ஹவில்தார் ஒருவர் எழுந்தார். நாற்பதைத் தொடும் வயது. போன வருடம் டியூட்டியில், பிடித்து வந்த ஒரு கிழவரின் கையைக் கட்டிப்போட்டிருந்தார்களாம். மேலதிகாரி அடிக்கச் சொல்ல, இவர் அடித்திருக்கிறார். கிழவர் மேல் குற்றம் ஒன்றுமில்லை என்று மறுநாள் விட்டுவிட்டார்களாம்.

"தப்பு ஆர்டர் போட்டவருதா சார், என்னுதா?"

தலைவர் எழுந்து, இதெல்லாம் இங்கே பேசுகிற விஷயமில்லை, உட்கார் என்றார். ஹவில்தாரின் முழங்கால் தானாக மடங்கியது. அத்தனை வருடப் பழக்கம். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. உட்காராதீங்க என்றேன்.

"ரெண்டு பேர் மேலயும்தான் தப்பு. சட்டத்துக்கு விரோதமான ஆர்டருக்கு நீங்க கட்டுப்பட வேணாம். அடிச்சது உங்க கை."

அவர் முகம் சுருங்கிப்போனது. ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம்தான். சொல்ல மாட்டேன். இதைச் சொல்லிக்கொடுக்காமல் கொடியைப் பற்றி மணிக்கணக்கில் பேசி என்ன பிரயோஜனம்?

இனி இந்த ஹாலில் உங்களுக்கு வகுப்பு கிடையாது என்றார் தலைவர். பரவாயில்லை, என் வீட்டு வாசலில் எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

ஹவில்தார் நின்றுகொண்டேதான் இருந்தார். மறுநாள் திண்டிவனத்தில் ரயிலேறி யூனிட்டுக்குத் திரும்ப வேண்டியவர்.

"அடுத்த தபா அடிக்க மாட்டேன்னு சொல்லிடுவேன் சார். என்னை விசாரணையில நிறுத்துவாங்க. இப்ப சொன்னத அங்க வந்து சொல்லுவீங்களா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். தலைவர் காதிலும் விழட்டும் என்று உரக்கச் சொன்னேன்.

"வருவேன்."