வளைவைத் திறந்த காலை

மலாயாவின் சுதந்திரத்துக்கு முந்தின அந்த மாதங்களில் எங்கள் கட்டுமானக் கம்பெனி மலாக்காவில் கைவைக்காத வேலை இல்லை. சாலை, சாக்கடை, பள்ளிக்கூடம், அரசாங்க ஊழியர் குடியிருப்பு, தண்ணீர்த் தொட்டி என்று ஒரே நேரத்தில் எல்லாம் நடந்தன. நான் போக்குவரத்துக் கிராணி, அதாவது குமாஸ்தா. எந்த லாரி எந்த வேலையிடத்துக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்பது என் பொறுப்பு. காலையில் அலுவலகத்தில் நுழைந்ததும் சுவரில் தொங்கும் ஊர்ப் படத்தில் வண்ண ஊசிகளை இடம் மாற்றிக் குத்துவேன். அந்த ஊசிகள் நகர நகர ஊரே நகர்வதுபோல் இருக்கும். காப்பி குடிக்கக்கூட மறந்துபோகும்.

அந்த ஊசிகளில் மிகப் பெரியது பாலத்துக்கானது. ஆற்றைத் தாண்டி புக்கிட் பாரு பக்கம் போகும் புதுச் சாலைக்கு ஒரு பாலம் எழும்பிக்கொண்டிருந்தது. தூண்கள் முடிந்துவிட்டன. தூண்கள் மேல் வைக்க வேண்டிய கான்கிரீட் உத்திரங்களை எங்கள் புக்கிட் ரம்பாய் களத்தில் வார்த்து வைத்திருந்தோம். ஒவ்வொன்றும் அறுபது அடி நீளம். அவற்றைக் காஜா பேராங் வழியாக ஆற்றங்கரைக்குக் கொண்டுவர வேண்டும்.

இந்த மாதிரிப் பெரிய பாரங்களுக்கு அதுவரை சிங்கப்பூரிலிருந்துதான் ஆள் வருவார்கள். அவர்களோடு அவர்களுடைய வண்டியும் தூக்கும் கூட்டமும் வந்துவிடும். எங்கள் களத்தில் பாரம் தூக்கும் கூட்டத்துக்குத் தலைவராக ஒரு மண்டோர் இருந்தார். தோட்டத்தில் பிறந்து, பதினைந்து வயதில் பட்டணத்துக்கு வந்தவர். குரல் மட்டும் மூன்று ஆளுக்குப் போதும். அவரே மேலாளரிடம் போய், "தொரை, நாங்களே கொண்டாறோம்" என்று கேட்டுவிட்டார். மேலாளர் வெள்ளைக்கார இஞ்சினியர், பேச்சை நீட்டாதவர். முதல் உத்திரத்தைக் கொண்டுவாருங்கள் என்றார். ஆற்றங்கரையில் நிற்கும் பாரந்தூக்கி இயந்திரம் மதியம் வேறு வேலைக்குப் போகும். அதற்குள் கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தால் மீதி எல்லாம் உங்களுக்கு, இல்லையென்றால் சிங்கப்பூர் ஆட்கள் வருவார்கள், உங்கள் கூட்டத்துக்கு அதன்பின் என்னிடம் வேலை இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

வழியைப் பார்த்துச் சொல்ல வேண்டியவன் நான். நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது. முனையின் உள்பக்கத்தை வெட்டிக்கொண்டுதான் வரும். அதனால் உத்திரத்தின் நீளத்துக்கே ஒரு கயிறு எடுத்துக்கொண்டு, இரண்டு ஆட்களை முன்னும் பின்னும் பிடிக்கவைத்து, வெள்ளிக்கிழமை வழி முழுக்க நடந்தேன். ஒவ்வொரு முனையிலும் கயிறு எங்கே உரசுகிறது என்று பார்த்துத் தார்ச்சாலையில் சுண்ணாம்புக் கோடு போட்டேன். காஜா பேராங்கில் செட்டிகள் குடியிருப்புக்குப் பக்கத்திலுள்ள திருப்பம்தான் இறுக்கம். ஆனாலும் கயிறு தாராளமாகவே திரும்பியது. வழி சரி என்று எழுதிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலையில் உத்திரம் கிளம்பியது. முன்னால் இழுக்கும் லாரி, பின்னால் தனியாக ஒரு சக்கரத் தொகுதி, இரண்டுக்கும் நடுவே பாலம்போலக் கிடந்தது எங்கள் உத்திரம். ஓட்டியவர் காட்டு மரம் ஏற்றிப் பழகிய சீனர். மண்டோரின் ஆட்கள் இருபக்கமும் நடந்தார்கள். நான் சைக்கிளில் முன்னால் போனேன். எல்லா வீட்டிலும் கொடி தைத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் கூடவே ஓடி வந்தார்கள். ஏதோ ஊர்வலம் என்று நினைத்து ஒரு கிழவர் கும்பிட்டார்.

காஜா பேராங் திருப்பத்தில் என் சைக்கிள் நின்றது.

சாலைக்குக் குறுக்கே ஒரு வளைவு நின்றது. மூங்கில் சட்டம், தென்னங்குருத்துத் தோரணம், வண்ணக் காகிதம், விளக்குச் சரம், உச்சியில் பெரிய எழுத்தில் சுதந்திரத்துக்கான மலாய்ச் சொல், 'மெர்டேக்கா'. சனி ஞாயிறில் எழுப்பியிருக்கிறார்கள். அதன் ஒரு கால் சரியாக என் சுண்ணாம்புக் கோட்டின் மேல் நின்றது.

மண்டோர் ஓடி வந்தார். வளைவின் கால்களைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு காலையும் இரண்டு எண்ணெய்ப் பீப்பாயில் நட்டிருந்தார்கள். ஒன்றைத் தோளால் முட்டினார். அசையவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

"கிராணியாரே," என்றார் மெதுவாக. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "இது நம்ம கான்கிரீட்டுங்க."

"என்னண்ணே சொல்றீங்க?"

"உத்திரம் வார்த்தப்ப மிச்சம் கெடந்துச்சு. இங்க உள்ள பையனுங்க ரெண்டு எண்ணெய்த் தோங் கொண்டாந்து கேட்டானுங்க. மெர்டேக்காவுக்குன்னு கேட்டா எப்படிங்க இல்லேன்னு சொல்றது? கோயில் வாசல்ல வைப்பானுங்கன்னு நெனச்சேன்."

"கொஞ்சமாவது தண்ணியா ஊத்தியிருக்கக் கூடாதா?"

"நம்ம பேரு கெட்டுடுமேன்னு கெட்டியாவே போட்டேன் லா."

பின்னால் இருந்த ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். மண்டோர் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். ஆனால் எல்லார் முகத்திலும் ஒரே கணக்குத்தான் ஓடியது: மதியத்துக்குள் ஆற்றங்கரை, இல்லையென்றால் வேலை இல்லை. மண்டோர் சம்மட்டியைக் கேட்டார்.

சம்மட்டி கைக்கு வருவதற்குள் குடியிருப்பிலிருந்து ஒரு கூட்டம் வந்துவிட்டது. முன்னால் வந்தவர் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள். மலாய்ப் பெண்களைப்போல சாரோங் கெபாயா உடுத்தி, கொண்டையில் பூ வைத்து, நெற்றியில் விபூதி பூசியிருந்தார். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய அந்தச் செட்டிகள் சமூகத்தில் தமிழ் பேசுகிறவர்கள் குறைவு, பேச்சு மலாய்தான். எல்லாரும் அவரை நோன்யா என்று அழைத்தார்கள். வளைவின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மானா போலே!" என்றார். அதெப்படி முடியும் என்று அர்த்தம். மீதியையும் மலாயில் பொரிந்து தள்ளினார். சாயங்காலம் வளைவுப் போட்டிக்கு நடுவர்கள் வருகிறார்கள். தெங்கெரா வட்டாரத்துக்காரர்கள் தங்கள் வளைவில் யானை வைத்திருக்கிறார்களாம். இதைத் தொட்டால் தன்னையும் சேர்த்து உடைக்க வேண்டும்.

மண்டோரும் மலாயில் கெஞ்சினார். "நோன்யா, பாலம் வராட்டி எங்க சோறு போயிடும். ஒரு காலை மட்டும் உடைச்சிட்டு, அப்புறம் நானே புதுசா நட்டுத் தாறேன்."

"உன் வீட்டுக்கு எப்படிப் போவே?" என்றார் நோன்யா. "கதவை உடைச்சுக்கிட்டா போவே? திறக்க மாட்டியா?"

அவருடைய கூட்டம் கைதட்டிச் சிரித்தது. எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். மண்டோர் சிரிக்கவில்லை. சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு வளைவை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்குப் பார்த்தார். பிறகு லாரியின் ஓரத்தில் கட்டியிருந்த இரும்புக் குழாய்களைப் பார்த்தார்.

"கிராணியாரே, அந்தக் கயிறு இருக்கா?"

எனக்கும் அந்தக் கணத்தில் புரிந்துவிட்டது. கயிற்றின் ஒரு முனையை நிற்க வேண்டிய காலில் கட்டினேன். மறுமுனையை, கோட்டின் மேல் நின்ற, நகர வேண்டிய காலின் தூரத்துக்கு அளந்து பிடித்துக்கொண்டு சாலையில் வட்டமாக நடந்தேன். சாலையோரத்து மூங்கில் கடை ஒன்றுக்கு முன்னால் இருந்த காலி இடத்தில் கயிறு போய் நின்றது. இடையில் ஒரு தூணும் இல்லை, ஒரு சாக்கடையும் இல்லை. "போகும்ணே!" என்று கத்தினேன். கத்தின பிறகுதான் நான் கத்தியது எனக்கே தெரிந்தது.

பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்லவேண்டும். விளக்குச் சரத்தின் வயரைக் கழற்றினார்கள். வளைவின் உச்சியிலிருந்து நாலு பக்கமும் கயிறு கட்டி, ஒவ்வொன்றையும் எங்கள் ஆள் பாதி, அவர்கள் ஆள் பாதியாகப் பிடித்தார்கள். நகர வேண்டிய பீப்பாயைக் கடப்பாரையால் நெம்பி, அடியில் இரும்புத் தகடும் குழாய்களும் செருகினோம். நிற்கும் பீப்பாயை இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப நாலு பேர். மண்டோர் நடுச்சாலையில் நின்று ஏலேலோ பிடித்தார். நோன்யா அதே இழுப்புக்கு "சத்து, டுவா!" என்று எண்ணினார். இரண்டு குரலும் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன.

குழாய்கள் உருண்டன. வளைவு நடுங்கியது. 'மெர்டேக்கா' தலையாட்டியது. "பிடி! பிடி!" என்று எல்லா மொழியிலும் கத்தினார்கள். பின்னால் விட்ட குழாயை எடுத்து முன்னால் போடுவதற்குள் இரண்டு பேர் கை மோதிக்கொண்டு சிரித்தார்கள். ஒவ்வோர் அடியாக, ஒரு பெரிய கதவைப்போல, அந்த வளைவு சாலையை விட்டுத் திறந்தது.

அப்போதுதான் மேலாளரின் கார் எதிரே வந்து நின்றது. உத்திரத்தைத் தேடி வந்திருக்கிறார். இறங்கி வளைவைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி, காரை ஓரமாக விடச் சொல்லி டிரைவருக்குக் கையைக் காட்டினார்.

சீனர் வண்டியை எடுத்தார். நான் பின்சக்கரத்தோடு குனிந்தபடியே நடந்தேன். சக்கரம் கோட்டைத் தொட்டது, கோட்டோடு ஒட்டியே வந்தது, ஒரு விரல்கூட அதைத் தாண்டிப் போகவில்லை. உத்திரத்தின் வால் திருப்பத்தைத் தாண்டியபோது காஜா பேராங்கே கூச்சல் போட்டது. நோன்யா மண்டோரின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.

"இப்போ என் கதவைச் சாத்திட்டுப் போ!"

பாதி ஆட்களை அதற்கு விட்டுவிட்டு மீதிப்பேரோடு ஆற்றங்கரைக்குப் போனோம். பாரந்தூக்கி இன்னும் இருந்தது. கொக்கி இறங்கி, கம்பிகள் இறுகி, உத்திரம் வண்டியை விட்டு எழுந்தபோது நாங்கள் எல்லாரும் அதோடு தலையை நிமிர்த்தினோம். தூண்களின் மேல் அது அமர்ந்ததும் மேலாளர் சாரத்தில் ஏறி, கீறல் உண்டா என்று முழு நீளமும் தடவிப் பார்த்தார். திரும்பி வந்து மண்டோரிடம் கேட்டார், "அடுத்தது நாளைக்கு முடியுமா?"

மண்டோர் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "முடியும் தொரை," என்றார். பிறகு என் காதருகே, "நாளைக்கும் அந்தம்மாகிட்ட அடி வாங்கணுமேங்க."

வாங்கவில்லை. மறுநாள் இரண்டாம் உத்திரத்தோடு நாங்கள் திருப்பத்துக்கு வந்தபோது வளைவு ஏற்கனவே திறந்து கிடந்தது. நோன்யாவின் ஆட்கள் முந்தின நாள் நாங்கள் விட்டுப்போன குழாய்களைக் கையில் வைத்துக்கொண்டு, எங்களைவிட முன்னால் வந்து காத்திருந்தார்கள்.