கை வைக்கக் கூடாது

போன வருஷம் என் பெண்டாட்டி கழுத்தில் விழுந்த பதக்கத்தை அரை மணி நேரத்தில் கழற்ற வைத்த புண்ணியவான் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யார் வாயிலிருந்தாவது கேட்டுவிட்டு வந்து என்னை முறைக்க வேண்டாம்.

எனக்குச் சொந்தமாக ஒரு பட்டறை இருக்கிறது. மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர், சைக்கிள், எது வந்தாலும் பார்ப்பேன். இருபத்திரண்டு வருஷத் தொழில். பஞ்சர் வேலையில் என்னை அடித்துக்கொள்ள இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. கோபம் மட்டும் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். வாயும் கையும் சும்மா இராது.

என் பெண்டாட்டி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருக்கும் ஐம்பது பேருக்கு ஊசி குத்தியாக வேண்டும். "அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்பாள். அவர்கள் திரும்பி முடிப்பதற்குள் குழாயில் ரத்தம் ஏறியிருக்கும். நரம்பே தெரியாத கொழுத்த கையிலும் விரல் நுனியால் தடவித் தடவிக் கண்டுபிடித்துவிடுவாள். அங்கே எல்லோருக்கும் அவள் 'ஊசியம்மா'.

நாற்பது வயதில்தான் அவளுக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது. டிரையத்லான் என்று ஒரு போட்டி. ஏரியில் ஒன்றரைக் கிலோமீட்டர் நீந்தி, ஈரம் சொட்டச் சொட்ட ஏறி நாற்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, இறங்கிப் பத்துக் கிலோமீட்டர் ஓட வேண்டும். எல்லாம் ஒரே மூச்சில். நேரத்துக்குள் முடிக்காவிட்டால் வெளியே போ என்று சொல்லிவிடுவார்கள்.

"உனக்கென்ன பைத்தியமா? இந்த வயசுல இது தேவையா?" என்று குதித்தேன்.

"படிச்ச நர்ஸிங் பாதியில நின்னுபோச்சு. டிரைவிங் பாதியில நின்னுபோச்சு. வாழ்க்கையில எதையாவது ஒண்ணை முழுசா முடிக்கணும்ங்க. அவ்வளவுதான்" என்றாள்.

நர்ஸிங் நின்றது எங்கள் கல்யாணத்தால். டிரைவிங் நின்றது எங்கள் பெண் வயிற்றில் இருந்ததால்.

நீச்சல் தெரியாது. முதல் மாதம் முழுக்க நீச்சல் குளத்தின் சுவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். "அக்கா, சுவத்தை விடுங்க, அது விழாது" என்று மாஸ்டர் கெஞ்சியிருக்கிறார். நாலு மணிக்கு அலாரம் அடிக்கும். இரண்டு நாள் நீச்சல், இரண்டு நாள் சைக்கிள், இரண்டு நாள் ஓட்டம். லீவு நாளில் சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓட்டம். வீடு முழுக்கக் குளோரின் வாடை. கதவுக்குக் கதவு ஈரத் துண்டு. அடுப்படியில் நின்றபடியே நாலு முட்டையை விழுங்கிவிட்டு வேலைக்கு ஓடுவாள். இரவு கரண்டியைக் கையில் பிடித்தபடி தூங்கிப்போவாள். கால் கட்டை விரல் நகம் கறுத்து விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி வந்து எட்டு வாரம் ஓடக் கூடாது என்றார்கள். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். அப்பாடா, பீடை விட்டது என்று உள்ளுக்குள் நான் சந்தோஷப்பட்டேன். அந்த எட்டு வாரமும் அவள் தண்ணீரிலேயே கிடந்தாள்.

முதல் வருஷம் நீச்சலுக்குக் கொடுத்த ஒரு மணி நேரம் முடிந்து, படகில் தூக்கிக் கொண்டுவந்து கரையில் விட்டார்கள். இரண்டாவது வருஷம்தான் என் கைங்கரியம்.

அந்த வருஷம் நீச்சலை முடித்துவிட்டாள். சைக்கிள் பாதை பத்துக் கிலோமீட்டர் வட்டம், நாலு சுற்று. வளைவில் நான் என் கருவிப் பையோடு நின்றிருந்தேன். இரண்டாவது சுற்றில் முன் சக்கரம் பஞ்சராகி என் கண்ணெதிரே இறங்கினாள். விடுவேனா? ஒரே பாய்ச்சல்.

"வேண்டாங்க, தொடாதீங்க. வெளியாள் தொடக் கூடாதுங்க."

"நீ சும்மா இரு. மூணு நிமிஷம்."

மூன்றே நிமிஷம். டியூபை மாற்றி, காற்றடித்து, ஏற்றி அனுப்பிவிட்டேன். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அவள் நேரத்துக்குள் முடித்தாள். கழுத்தில் பதக்கம் போட்டார்கள். வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் என்னிடம் வந்து, "வளைவுல பஞ்சர் ஆச்சாமே, யாரு மாத்துனது?" என்று கேட்டார்.

"நான்தான் சார். மூணே நிமிஷம். வேற எவனாவது மாத்தட்டும் பாக்கலாம்!" என்று மார்தட்டினேன்.

அவர்தான் நடுவர். பாக்கெட்டிலிருந்து புத்தகத்தை எடுத்து அவள் எண்ணை எழுதினார். போட்டியில் ஓடுபவர் தன் சைக்கிளைத் தானே சரிசெய்துகொள்ள வேண்டும். வெளியாள் ஒரு திருகாணியைத் தொட்டாலும் ஆட்டம் செல்லாது. நான் கத்தினேன், மல்லுக்கு நின்றேன், மானத்தை வாங்கினேன். அவள்தான் பதக்கத்தைக் கழற்றி, நாடாவை மடித்து, அவரிடம் கொடுத்தாள். ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது என் முதுகில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். சட்டை நனைந்தது. வியர்வை என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன்.

ஒரு வாரம் கழித்துப் பட்டறைக்கு வந்து கீழே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு டியூப் மாத்தக் கத்துக் குடுங்க."

"நான் இருக்கும்போது உனக்கு எதுக்கு அது?"

"நீங்க இருந்ததாலதாங்க போச்சு."

சுருக்கென்றது. இருபது வருஷமாகப் பஞ்சர்க்காரன் பெண்டாட்டி. ஒரு டயரைக் கழற்றத் தெரியாது. தெரிய விட்டதே இல்லை நான்.

கற்றுக்கொடுக்க நான் லாயக்கில்லை. அவள் டயரை நெம்புவதற்குள், "இப்படிக் குடு" என்று பிடுங்கிவிடுவேன். எங்கள் பெண் கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே எங்களை அதட்டி மேய்ப்பதால் அவளுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். அவள் வந்து பட்டறைத் துணியால் என் கைகளைப் பின்னால் கட்டிப்போட்டாள். "அப்பா, வாயையும் கட்டட்டுமா?" என்றாள்.

முதல் நாள் இருபத்தாறு நிமிஷம். நகம் உடைந்தது. ஒரு மாதத்தில் பதினைந்து. கடைசியில் ஏழு. ஒரே ஒரு குறை மட்டும் போகவே இல்லை. புது டியூபைப் போடுவதற்கு முன்னால் டயரின் உள்பக்கம் முழுக்க விரலை விட்டுத் தடவ வேண்டும். குத்திய முள்ளோ கம்பியோ அதிலேயே இருக்கும். எடுக்காமல் போட்டால் நாலு தெரு தாண்டுவதற்குள் அதுவும் படுத்துவிடும். சட்டாம்பிள்ளை கடிகாரத்தை எடுத்தாலே இவளுக்குப் பதற்றம் வந்து, பத்துக்கு நாலு தடவை இதை மறந்துவிடுவாள். "தடவு, தடவு" என்று நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்.

இந்த வருஷம் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது முட்டி வலிக்காகப் போன இடத்தில் டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவையோட ஓட்டத்தை நிறுத்திடுங்கம்மா" என்று சொல்லிவிட்டார். ஆக, இதுதான் கடைசி. முடித்தால் முடித்தது. இல்லையென்றால் நர்ஸிங், டிரைவிங் வரிசையில் இதுவும் பாதியில் நிற்கும்.

காலை ஏழு மணிக்கு ஏரியில் இறங்கினாள். ஐம்பத்தைந்து நிமிஷத்தில் ஏறினாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பத்து மணிக்குள் சைக்கிள் முடிய வேண்டும். பதினொன்று இருபதுக்குள் ஓட்டமும் முடிய வேண்டும். வளைவில் அதே வெள்ளைத் தொப்பி நின்றிருந்தார்.

"ஐயா, இந்த வருஷமும் வந்துட்டீங்களா?"

"கையைக் கட்டிக்கிட்டுத்தான் சார் வந்திருக்கேன்."

"வாயையும் கட்டிக்கங்க. எப்படிச் செய்யணும்னு ஒரு வார்த்தை சொன்னாலும் உதவிதான்."

ஒரு சுற்று போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது சுற்றை முடித்துக்கொண்டு வளைவுக்கு வந்தபோது மணி ஒன்பது பத்தொன்பது. தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பின் சக்கரம் சாலையில் தடவிக்கொண்டு வந்தது. எனக்குப் பத்தடி தள்ளி இறங்கி, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

மிச்சம் பத்துக் கிலோமீட்டர். அவள் வேகத்துக்கு இருபத்தாறு நிமிஷம். ஒன்பது முப்பத்துநாலுக்குள் கிளம்பினால் உண்டு. அவள் பையில் இருப்பது ஒரே ஒரு டியூப்.

சக்கரத்தைக் கழற்றினாள். நெம்புகோல் வழுக்கி முட்டியில் அடித்தது. என் விரல்கள் தாமாகவே மடங்கி விரிந்தன. பக்கத்தில் நின்றிருந்த சட்டாம்பிள்ளை இரண்டு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, அசையாதீங்க. சத்தியமா அசையாதீங்க." டயரின் ஒரு பக்கம் வந்துவிட்டது. பழைய டியூபை உருவினாள். புது டியூபைக் கையில் எடுத்தாள்.

தடவவில்லை.

அப்படியே உள்ளே திணிக்க ஆரம்பித்துவிட்டாள். அடி பாவி! தொண்டை வரைக்கும் வந்தது அந்த ஒரு வார்த்தை. பல்லைக் கடித்தேன். வெள்ளைத் தொப்பி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் டயர் பிழைக்கும், அவள் போட்டி போய்விடும். சொல்லாவிட்டால் இரண்டு கிலோமீட்டரில் அந்த டியூபும் செத்துவிடும். எந்தப் பக்கம் போனாலும் அவளுக்குத்தான் நஷ்டம். கடவுளே, என்னை எதற்கு இந்தத் தொழிலில் விட்டாய் என்று இருந்தது.

அப்போது அவள் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் எதுவும் நிற்காது, எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும். அதைப் படிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ, பரிசோதனைக் கூடத்தில் ஐம்பது பேரிடம் பேசும் அதே குரலில், "என்னங்க, அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க" என்றாள்.

திரும்பினேன். பெண்டாட்டி நடுரோட்டில் பஞ்சரோடு உட்கார்ந்திருக்க, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். இனிமேல் காது மட்டும்தான். மற்றவர்களின் சைக்கிள்கள் சர் சர்ரென்று போயின. ரப்பர் ரிம்மில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. பம்பை எடுத்தாளா? இல்லை. என்னதான் செய்கிறாள்? கடிகாரம் ஒன்பது இருபத்தெட்டைத் தாண்டியது. சட்டாம்பிள்ளையின் நகம் என் கையில் பதிந்தது.

"ஸ்ஸ்..."

உதட்டுக்குள் இழுத்துக்கொண்ட ஒரு சின்னச் சத்தம். அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக நானே போடுகிற சத்தம். டயருக்குள் இருக்கும் கம்பி விரலில் ஏறினால் எவனுக்கும் அப்படித்தான் வரும். டியூபை மறுபடி உருவி எடுத்திருக்கிறாள். தடவியிருக்கிறாள். நரம்பு தேடுகிற அந்த விரல் கண்டுபிடித்துவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. முதுகுதானே தெரிகிறது, தாராளமாக விட்டேன்.

அப்புறம் பம்ப் சத்தம். நூறுக்கு மேல் எண்ணினேன். ஹெல்மெட் கொக்கி கிளிக்கென்றது. செயின் உருண்டது. நான் திரும்பியபோது அவள் வளைவில் மறைந்துகொண்டிருந்தாள். மணி ஒன்பது முப்பத்திரண்டு.

ஒன்பது ஐம்பத்தெட்டுக்குச் சைக்கிளை நிறுத்தினாள். அதன் பிறகு ஓட்டம். நடந்தாள், ஓடினாள், நடந்தாள். வெயில் ஏறியது. பந்தலைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பதினொன்று பதினெட்டுக்குக் கடைசி ஆளாக முனையில் தெரிந்தாள். முட்டியை இழுத்து இழுத்து வைத்தாள். கோட்டுக்கு முப்பதடி இருக்கும்போது தள்ளாடி, ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்துவிட்டாள். நான் தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். கையை நீட்டினால் எட்டும். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டேன். எலும்பு நொறுங்கிவிடும் போலப் பிடித்துக்கொண்டேன். எழுந்தாள். கோட்டைத் தாண்டினாள். கடிகாரப் பலகையில் பதினொன்று பத்தொன்பது என்று இருந்தது.

வெள்ளைத் தொப்பிதான் பதக்கத்தைப் போட்டார். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சட்டாம்பிள்ளை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கமே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"என்னங்க, இன்னும் ஏன் அங்கேயே நிக்கிறீங்க? முடிஞ்சுபோச்சு. இப்பத் தொடலாம்."

போய் எதிரில் உட்கார்ந்தேன். இடுப்புப் பையிலிருந்து பிஸ்கட் காகிதத்தில் மடித்த ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தேன். அரை விரற்கடைக் கம்பி.

"ரோட்டுலயே தூக்கிப் போட்டிருக்கலாமே?"

"குத்துறதைக் கண்ட இடத்துல போடக் கூடாதுங்க. பின்னால எத்தனை பேர் வர்றாங்க."

அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். "ஷூவைக் கழட்டி விடுங்க. என்னால குனிய முடியல" என்றாள். நாடாவை அவிழ்த்தேன். காலுறை ரத்தத்தில் ஊறி, பெருவிரல் நகத்தோடு ஒட்டிப்போயிருந்தது. லேசாக இழுத்ததற்கே பல்லைக் கடித்துக்கொண்டு என் தோளைப் பிடித்தாள்.

"அந்தப் பக்கம் திரும்பிக்கோ. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்றேன்.