பச்சைச் சுவர் தெரியக் கூடாது

அலுவலகத்தில் அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். இணையத்தில் விற்பனைக்குப் போகும் பொருள்களின் படங்களில் பின்னணியை நீக்கிவிட்டு, பொருளை மட்டும் தனியே எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. பின்னால் வெறும் சுவரோ வெறும் துணியோ இருந்தால் கம்ப்யூட்டரே ஒரு சொடுக்கில் நீக்கிவிடும். அவள் அதை நம்பமாட்டாள். வெள்ளைத் துணிமேல் வைத்த வெள்ளைக் கோப்பையின் கைப்பிடியை ஒருமுறை அது விழுங்கிவிட்டது. அன்றிலிருந்து எந்தப் படத்தையும் பெரிதாக்கி, ஓரம் ஓரமாகத் துருவிவிட்டுத்தான் அனுப்புவாள். மனிதர்களிடமும் அப்படித்தான். புதியவர் யாராவது சிரித்தால், இவர் எதற்குச் சிரிக்கிறார் என்று யோசிப்பாள்.

பழைய மரச்சாமான்களை வாங்கி விற்கும் வியாபாரி ஒருநாள் சில படங்களை அனுப்பிவிட்டுப் போனில் கூப்பிட்டார்.

“பின்னாடி சுவர் துளிகூடத் தெரியக் கூடாதும்மா. விக்கிறவங்க கண்டிஷனா சொல்லிட்டாங்க.”

“ஏன் சார்? நல்லா சுத்தமாத்தானே இருக்கு சுவர்?”

“அதை நான் கேக்கல. நீயும் கேக்காத.”

கேட்காதே என்றதுமே அவளுக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

ஒரு ஆடும் நாற்காலி, கண்ணாடி பதித்த ஒரு மேசை, ஒரு அலமாரி. எல்லாம் ஒரே வெளிர்பச்சைச் சுவருக்கு முன்னால் நின்றன. நாற்காலியின் முதுகு பிரம்புப் பின்னல். பின்னலின் ஒவ்வொரு துளையிலும் பச்சை எட்டிப் பார்த்தது. துளை துளையாக நீக்கிக்கொண்டு வந்தவள், நாற்காலிக் கால் அருகே கையை நிறுத்தினாள். அங்கே கையகலத்துக்குப் பச்சை கொஞ்சம் மஞ்சளித்திருந்தது. பெயின்ட் தீர்ந்துபோய், வேறொரு டப்பாவில் மிச்சமிருந்ததைக் கலந்து அவளும் அக்காவும் அடித்த இடம் அது. படத்தில் இருந்தது அக்கா வீட்டுக் கூடம்.

அத்தான்மேல்தான் சந்தேகம் போயிற்று. அக்காவைக் கட்டிய நாளிலிருந்தே அவர் பிடிகொடுக்காத ஆள். போனைக் கவிழ்த்தே வைப்பார். அக்காவுக்குத் தெரியாமல் வீட்டைக் காலிசெய்யப் பார்க்கிறாரோ?

தலைவலி என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது அத்தான்.

“என்ன, இந்த நேரத்துல?”

“சும்மாதான் அத்தான். இந்தப் பக்கம் வந்தேன்.”

“இந்தப் பக்கம் உனக்கு என்ன வேலை?”

உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. அத்தான் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்து, ஆடிக்கொண்டே போனில் பழைய சாமான் விளம்பரங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பழைய ரேடியோக்கள் வாங்குவதில் அவருக்குக் கிறுக்கு. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் இடையிடையே நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

அன்று அவருக்கு மதிய ஷிப்ட். வேலைக்குக் கிளம்பும்போது அவர் வாசலில் நின்று அக்காவிடம், “எங்கயாவது போறியா? யாராவது வராங்களா?” என்று கேட்டார். “இல்லைங்க” என்றாள் அக்கா. தெருமுனை வரை போனவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

கதவைச் சாத்தியதும் தங்கை எல்லாவற்றையும் கொட்டினாள். “அக்கா, அத்தான் உனக்குத் தெரியாம வீட்டுச் சாமானை விக்கப் பாக்கறார்.”

அக்கா மேசைமேல் இருந்த தம்ளரை எடுத்து, துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

“படம் எடுத்தது நான்தான்.”

“நீயா? எதுக்கு?”

“போகப்போறேன். இது மூணும் என் சம்பளத்துல வாங்கினது. பாலுக்குப் போனாக்கூட யார்கிட்ட பேசினேன்னு கேக்கறார். குளிச்சிட்டு வந்தா என் போன் இடம் மாறியிருக்கு. இனிமே முடியல.”

“அதுக்கு ஏன் சுவர் தெரியக் கூடாது?”

“அவர்தான் போன்ல பழைய சாமான் விளம்பரத்தையே பாத்துக்கிட்டிருக்காரே. இந்த மாதிரி நாற்காலி நிறைய வீட்ல இருக்கும். இந்தச் சுவர் இங்க மட்டும்தான்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா.”

“எப்படிச் சொல்றது? நீயும் அவரை மாதிரிதான். ஆரம்பிச்சா விடமாட்ட. எங்க போற, யார் கூட, ஏன்னு குடைஞ்சு எடுத்துடுவ.”

அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. எங்கே போகிறாய் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்திருந்தது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள்.

மறுநாள் அந்தப் படங்களில் அவள் உட்கார்ந்த மாதிரி வேறெந்த வேலையிலும் உட்கார்ந்ததில்லை. பிரம்பின் விளிம்பில் படிந்திருந்த பச்சைச் சாயலைச் சுரண்டி எடுத்தாள். மேசைக் கண்ணாடியில் சுவரின் நிழல் விழுந்திருந்தது. அதையும் மழுங்கடித்தாள். படத்துக்குப் பின்னால் கறுப்பை வைத்துப் பார்த்தாள், பிறகு சிவப்பை. எங்கும் பச்சை தலைகாட்டவில்லை என்று தெரிந்த பிறகுதான் அனுப்பினாள்.

சாமான்கள் விலைபோயின. அத்தான் காலை ஷிப்டுக்குப் போயிருந்த ஒரு முற்பகலில் வியாபாரியின் வண்டி வந்தது. அது கிளம்பிய கையோடு அக்காவும் ஒரு பெட்டியோடு கிளம்பினாள்.

அடுத்த நாளே அத்தான் அலுவலகத்துக்கு வந்து அவள் மேசையருகே நின்றார். போனில் ஆடும் நாற்காலியின் படம்.

“இது எங்க வீட்டு நாற்காலி.”

“இருக்கலாம் அத்தான். இந்த மாதிரி நிறைய வருது.”

“உனக்கு ஒண்ணுமே தெரியாதா?”

“தெரியாது.”

அவர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, பின்னல் பின்னலாகத் தேடினார். கடைசியில் போனைப் பையில் போட்டுக்கொண்டு, “அக்கா பேசினா எனக்குச் சொல்லணும்” என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு வெகுநாள், பஸ் ஏறும்போதெல்லாம் அவள் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா வேறு ஊரில் ஒரு தையல் நிறுவனத்தில் சேர்ந்து, மாடியில் ஓர் அறை எடுத்திருந்தாள். முதல்முறை பேசியபோது போனில் ஓர் ஆண் குரல் கேட்டது.

“யாரது?” வாய் முந்திக்கொண்டது.

அக்கா நிதானமாக, “வீட்டுக்காரம்மா பையன். குழாய் ஒழுகுதுன்னு பாக்க வந்திருக்கான்” என்றாள்.

“சரி அக்கா” என்றாள் அவள். வேறு எதுவும் கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் சீறுவதும் அக்கா அந்தப் பையனை வாளி வைக்கச் சொல்வதும் போனில் கேட்டன.