பாலத்தில் ஓரம் இல்லை

போன செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் பேக்டரி வேன் ஹைவேயில் ஒரு பாலத்தின் நட்டநடுவில் நின்றுவிட்டது.

வேன் நிற்பதெல்லாம் ஒரு செய்தியா என்பீர்கள். இல்லைதான். குடியாத்தம் பக்கத்திலிருந்து ஆம்பூர் ஷூ பேக்டரிக்கு எங்களை ஏற்றிப்போகும் அந்த வேனுக்கு நிற்பது பழக்கம். நின்றால் என்ன செய்வது என்பது எங்களுக்குப் பழக்கம். ஸ்டிச்சிங் செக்‌ஷன் பெண்கள் மொத்தமும் இறங்குவார்கள். டிபன் பாக்ஸை சீட்டில் வைத்துவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு ஒரே தள்ளு! வேன் உறுமும். சிரிப்பும் கைதட்டலுமாக ஏறிக்கொள்வோம்.

இதெல்லாம் சாலைக்கு ஓரம் இருக்கிற இடத்தில்.

ஹைவேயில் இடதுபக்கக் கோட்டுக்கு வெளியே, ஒரு வண்டி ஒதுங்கி நிற்க இடம் விட்டிருப்பார்கள் — கவனித்திருக்கிறீர்களா? நம் பக்கத்தில் அங்கே என்னவெல்லாம் இருக்கும் என்று ஒருமுறை லிஸ்ட் போட்டேன். இளநீர்க் கடை, எதிர்த்திசையில் வரும் பைக், தூங்கும் லாரி, ஆட்டு மந்தை, மறுபடியும் எதிர்த்திசையில் பைக்... ஆனாலும் இடம் என்று ஒன்று இருக்கிறது. பாலத்தில் அதுவும் இல்லை. கோட்டைத் தாண்டினால் கைப்பிடிச் சுவர். அவ்வளவுதான்.

"எறங்குங்கடி, கார்டு பஞ்ச் லேட்டாயிடும்!" என்று நூர்ஜஹான் அக்கா குரல் கொடுத்தார். ஸ்டிச்சிங் சூப்பர்வைசர். அவர் சொன்னால் வேன் காலி. நான் குவாலிட்டி இன்ஜினியர். என் பேச்சுக்கு அந்த மரியாதை கிடையாது.

"அக்கா, வேணாம். வேனுக்குப் பின்னாடி நிக்காதீங்க!"

"இன்னா மேடம், முன்னாடி நின்னா தள்ளுவாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிவதற்குள் ஒரு பஸ் ஹாரனை அழுத்தியபடியே எங்களை உரசுகிற மாதிரி வளைந்து போனது. அக்காவின் துப்பட்டா அது போன திசையிலேயே பறந்தது. அதற்குப் பிறகு யாரும் என்னிடம் காரணம் கேட்கவில்லை. சுவரை ஒட்டியே வேனுக்கு முன்பக்கம் வந்துவிட்டோம்.

வந்து? பாலம் முடிகிற இடம் தூரத்தில் தெரிகிறது. அதுவரை நடக்க, சுவருக்கும் ஓடுகிற வண்டிகளுக்கும் நடுவே ஓர் ஆள் அகலம்கூட இல்லை. எங்களோடு கௌசல்யா இருந்தாள். ஏழு மாதம். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "மேடம், எதுனா வந்து வேன்ல மோதுச்சுன்னா... என்னால ஓட முடியாது."

வண்டி நின்றால் பின்னால் நாலு கல்லும் ஒரு மரக்கிளையும் போடுவது நம் வழக்கம். பாலத்தின்மேல் கிளைக்கு எங்கே போவது? கம்பெனி கொடுத்த சிவப்பு முக்கோணம் எங்கே என்று டிரைவர் செல்வம் அண்ணனைக் கேட்டேன்.

"ஊட்ல பத்திரமா இருக்கும்மா. வண்டில வெச்சா எவனாவது அடிச்சினு போய்டுவான்."

ஹைவே ஹெல்ப்லைனைக் கூப்பிட்டு இடத்தை விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்த லாரி வந்தது. உப்புப் போட்ட, பதனிடாத பச்சைத் தோல் ஏற்றிய லாரி. அதன் நாற்றத்தை எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு வர்ணிக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு... வேண்டாம், காலையில் படிப்பீர்கள். அது வருகிறதென்றால் கார்கள் கண்ணாடியை ஏற்றும். சொட்டுகிற உப்புத் தண்ணீருக்குப் பயந்து பைக்குகள் ஒதுங்கும். அந்த லாரி வேகத்தைக் குறைத்து, இரண்டு பக்க இண்டிகேட்டரையும் மின்னவிட்டு, எங்கள் வேனுக்குப் பின்னால் நல்ல இடைவெளி விட்டு நின்றது.

டிரைவர் இடதுபக்கமாகக் குதித்தார். ஐம்பது வயதிருக்கும். தலையில் கட்டியிருந்த சிவப்புத் துண்டை அவிழ்த்து லாரியின் பின்னால் கட்டிவிட்டு, சுவரோரமாக எங்களிடம் வந்தார்.

"வேன் உள்ள யாருனா இருக்காங்களா?"

"இல்லண்ணா."

"அப்ப சரி. சீக்கிரம் ஆளக் கூப்புடுங்க. லேட்டா போனா மொதலாளி என் தோலையும் சேத்து உப்புல போட்ருவாரு."

பின்னால் வந்த வண்டிகள் தூரத்திலேயே வலதுபக்க லேனுக்கு மாறின. இண்டிகேட்டரைப் பார்த்தா, மூக்கைப் பிடித்துக்கொண்டா — எனக்குத் தெரியாது. மாறின.

அந்தக் காற்று எங்கள் பக்கமும் வீசியதே! கௌசல்யா சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். லாரிக்காரர் பதறிவிட்டார். "பாப்பாக்கு ஒத்துக்கல போல. வண்டிய எடுத்துடட்டா?"

"ஐயோ வேணாண்ணா! வாந்தி வந்தா வந்துட்டுப் போவுது. நீங்க போயிடாதீங்க!" என்றாள் அவளே.

இங்கிலாந்திலிருந்து எங்கள் பேக்டரிக்கு ஷூ ஆர்டர் கொடுக்க வந்த ஒரு பையர் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. அவர் ஊரில் டிராபிக் அதிகமானதும் ஹைவேயின் ஓரத்தையும் ஒரு லேன் ஆக்கிவிட்டார்களாம். வண்டி நின்றுபோனால் கருவிகள் கண்டுபிடிக்கும். தலைக்குமேல் போர்டில் சிவப்புப் பெருக்கல் குறி எரியும். அந்த லேன் மூடப்படும். "அது எரியும்வரை காருக்குள் இருப்பவர் என்ன செய்வார்?" என்று கேட்டார். உயிர்கள் போனபிறகு, புதிதாக அப்படிச் சாலை போடுவதையே அங்கே நிறுத்திவிட்டார்கள். அவர் மனைவி இன்றும் அந்தச் சாலையில் ஏறுவதில்லையாம். கொஞ்சம் அதிகமாகப் பயப்படுகிறார்களோ என்று அன்று நினைத்தேன். பாலத்தில் நின்றபோது அப்படி நினைக்கவில்லை.

நின்றுபோன வண்டிக்கும், அதை யாராவது கவனிப்பதற்கும் நடுவே கொஞ்ச நேரம் இருக்கிறதே... ஆபத்து முழுக்க அதற்குள்தான். கருவி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் அந்த நேரம் இருக்கும்; ஒதுங்க இடம் இருந்தால் அதைத் தாண்டிவிடலாம். பாலம் கட்டுகிறவர்கள் அந்த ஒரு வண்டி அகலத்தையும் சேர்த்துக் கட்டட்டும். எங்களுக்கு அன்று அந்த அகலத்தைத் தந்தவர் தன் லாரியையே பணயம் வைத்திருந்தார். யாராவது மோதியிருந்தால், முதலில் அடி வாங்கியிருப்பது அவர் வண்டிதான்.

ரோந்து வண்டி வந்தது. ஆரஞ்சு கூம்புகளை அடுக்கினார்கள். வேனைக் கட்டி இழுத்துப் பாலத்தைத் தாண்டி விட்டார்கள். எல்லோரும் வேலைக்குப் போனோம். கௌசல்யாவும் அவள் வயிற்றுக்குள் இருப்பவரும் நலம்.

என் நன்றிப் பட்டியல் இது: கடைசி நொடியில் வளைத்த பஸ் டிரைவர். ஆள் வரும்வரை போனை வைக்காத ஹெல்ப்லைன் பெண். கூம்பு அடுக்கியவர்கள். மறுநாளே முக்கோணத்தை வேனுக்குக் கொண்டுவந்த செல்வம் அண்ணன் — சீட்டுக் காலில் பூட்டுப் போட்டு வைத்திருந்தார். பூட்டைக் கழற்ற வைக்க இன்னொரு நாள் ஆனது.

லாரிக்காரரின் பெயரைக் கேட்க மறந்துவிட்டோம். அவர் கிளம்பும்போது, மூக்கில் கட்டிய முந்தானையோடு எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டோம். அவருக்குக் கூச்சம்.

"தேங்க்ஸெல்லாம் இருக்கட்டும், மொதல்ல மூக்குலேர்ந்து முந்தானைய எடுங்க. அடுத்த தபா உங்களுக்காக மல்லிப்பூ லோடு ஏத்திக்கினு வர்றேன்!"

கௌசல்யா முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "வேணாண்ணா... மல்லிப்பூன்னா எல்லாம் கிட்ட வந்துடுவாங்க."